சேறு பூசின மூஸும் செதறிப்போன குண்டும்: 1946 கேஸ் ஒண்ணு

மொதல்லயே சொல்லிடறேன், நான் வேட்டைக்காரன் இல்லைங்க. காலேஜ் என்சிசி கேம்ப்ல பாயிண்ட் டூ டூ ரைஃபிள்ல அட்டையைப் பாத்து அஞ்சு ரவுண்டு சுட்டதோட சரி. நம்ம ஊர்ல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் வேட்டைங்கிற பேச்சுக்கே எடமில்ல, அது அப்படியே இருக்கட்டும். ஆனா கோயமுத்தூர்ல லேத்து, சிஎன்சின்னு இருபது வருஷமா செம்பு பித்தளையோட மல்லுக்கட்டிட்டு இருக்கிற ஆளு நான், ஒரு பார்ட் ஏன் ஒடஞ்சுது ஏன் வளஞ்சுதுன்னு நோண்டுறதுதான் பொழப்பே, அப்படி ஒரு நாள் நோண்டிட்டு இருக்கறப்ப சிக்குனதுதான் இந்தக் கேஸ். ஒரு லாரிக்காரரு, ஒரு லேத்து, ஒரு மிருகம், அவ்வளவுதான் கதை. ஆனா பெரிய மிருகத்து மேல குண்டு என்ன பண்ணுது, ஏன் சில சமயம் ஒண்ணும் பண்ணாம போகுதுங்கிறதுக்கு இதை விட நல்ல கேஸ் எனக்குக் கெடைக்கல.

ஒரு வார்த்தைக் கணக்கு முன்னாடியே தீத்துக்குவோம். நம்ம பேச்சுல எல்லாத்துக்கும் "தோட்டா"தான். இங்க தோட்டான்னா பித்தளைக் கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேந்த முழு ரவுண்டு. குண்டுன்னா பேரல்ல இருந்து பறந்து போற முனை மட்டும். இந்தக் கேஸ்ல தோட்டா மேல தப்பே இல்ல, குண்டு மேலதான் தப்பு. அதனால இந்த வித்தியாசம் முக்கியம்.

1946. அமெரிக்காவுல ஆரிகன் மாநிலத்துல ஆஷ்லாண்ட்னு ஒரு சின்ன ஊரு, அங்க லாரி ட்ரான்ஸ்போர்ட் நடத்திட்டு இருந்தவரு ஜான் நாஸ்லர், அப்ப அவருக்கு வயசு 33. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா காட்டுக்கு மூஸ் வேட்டைக்குப் போறாரு. மூஸ் பாக்காதவங்களுக்கு, அது மான் ஜாதியிலயே பெருசு, நம்ம கடமான் கெடா நல்லா வளந்தது 250, 300 கிலோ வரும்னா, ஆண் மூஸ் 500 கிலோவைத் தொடும், சிலது அதையும் தாண்டும். காலு நீளம், தோளு ஒரு ஆள் ஒசரத்துக்கு மேல. கையில இருந்த ரைஃபிள் பாயிண்ட் 300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் (மேக்னம்னா மருந்து அதிகம், வேகம் அதிகம்), அந்தக் காலத்துக்கு ராஜ தோட்டா. சுடறாரு, மூஸ் நிக்குது. திரும்ப சுடறாரு, அப்பவும் நிக்குது. பல குண்டு போட்ட பிறகுதான் கதை முடியுது. அப்புறம் அறுத்துப் பாத்தா, மேல காஞ்சு கெடந்த சேத்துலயும் தோள்பட்டைக்கு மேலயுமே குண்டு விரிஞ்சு செதறிப் போச்சு, உள்ள போக வேண்டிய ஆழத்துக்குப் போகவே இல்ல.

இந்த இடத்துல பெரும்பாலான ஆளுங்க என்ன பண்ணுவாங்க? "இன்னும் பெரிய துப்பாக்கி வேணும்பா"ன்னு போய் வாங்குவாங்க. நாஸ்லர் அதைச் செய்யல. அவருக்குப் பட்டது வேற. அதுதான் எனக்கு இந்த மனுசனைப் புடிச்சதுக்குக் காரணம்.

அந்தத் தோட்டாவைப் பத்திக் கொஞ்சம். 1925ல லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி கொண்டு வந்தது, இந்தியா ஆப்பிரிக்கா வெயில்ல கார்டைட் மருந்து சூடாகி பிரஷர் ஏறிடக்கூடாதுன்னு கூட்டை நீளமா, கேரட் மாதிரி கூராப் போற ஷேப்புல பண்ணாங்க. 1937ல அமெரிக்காவுல வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிள்ல இது வந்ததும் சாதாரண வேட்டைக்காரனும் வாங்க முடிஞ்சுது. 180 கிரெயின் குண்டு, அதாவது சுமார் 11.7 கிராம், செகண்டுக்கு சுமார் 2,900 அடி வேகம். நம்ம கணக்குல 884 மீட்டர். பேரல் வாயில எனர்ஜி 4,500 ஜூலுக்கு மேல. பேப்பர்ல பாத்தா மூஸ் என்ன, எருமையே சாயணும்.

ஆனா மிருகம் பேப்பர் படிக்காதே. பெரிய மிருகம் எப்படி விழுதுன்னு மொதல்ல பாக்கணும். மூளையோ முதுகுத்தண்டோ அடிபட்டா உடனே விழும், ஆனா அது சின்ன எலக்கு, வேட்டைக்காரங்க வழக்கமாக் குறி வைக்கிறது நெஞ்சுக் கூட்டை, இதயமும் நுரையீரலும். அங்க ஓட்டை விழுந்தா ரத்தம் கொட்டும், பிரஷர் எறங்கும், மூளைக்கு ஆக்சிஜன் போகாது, அப்பத்தான் விழும். இதயமே கிழிஞ்சாலும் மூளையில மிச்சம் இருக்கிற ஆக்சிஜன்ல பத்து பதினஞ்சு செகண்ட் அது நிக்கும் இல்லன்னா ஓடும். "எனர்ஜி அடிச்சுத் தள்ளும்"ங்கிறது சினிமா. சாகடிக்கிறது ஓட்டைதான், அந்த ஓட்டை சரியான இடத்துல சரியான ஆழத்துக்குப் போகணும். தோள்லயே நின்னு போன குண்டு, 4,500 ஜூலையும் தோள் சதையிலயே கொட்டிட்டு, மிருகத்துக்கு ஒரு பெரிய புண்ணை மட்டும் குடுத்துட்டுப் போகுது. அந்த மிருகம் ஓடிப்போய் எங்கயோ புதர்ல நாள் கணக்குல செத்துட்டு இருக்கும். வேட்டையில இதை விட கேவலமான விஷயம் இல்லைன்னு வேட்டைக்காரங்களே ஒத்துக்குவாங்க.

சரி, ஏன் செதறுச்சு? இங்கதான் என் பட்டறை மூளை வேலை செய்ய ஆரம்பிச்சுது.

அப்போதைய வேட்டைக் குண்டு எப்படின்னா, உள்ள காரீயம், சுத்தி செம்பு ஜாக்கெட் (அஞ்சு பர்சன்ட் துத்தநாகம் கலந்தது), மூக்குல மட்டும் காரீயம் வெளிய தெரியும். மிருகத்துல பட்டதும் மூக்கு நசுங்கி காளான் மாதிரி விரியும், அகலமா ஓட்டை போடும். ஐடியா அருமை. பிரச்சினை என்னன்னா இந்த டிசைன் வளந்த காலத்துல வேகம் கம்மி. 1890கள்ல வந்த 30-40 கிராக் தோட்டா 220 கிரெயின் குண்டை செகண்டுக்கு சுமார் 610 மீட்டர்லதான் தள்ளும். அதுக்கு அந்த ஜாக்கெட் போதும். அப்புறம் 1906ல வந்த 30-06, அப்புறம் மேக்னம்னு வேகம் ஏறிட்டே போச்சு. குண்டுலயும் கொஞ்சம் மாத்தம் பண்ணாங்கதான், 1939லயே ரெமிங்டன் கம்பெனி கோர்-லாக்ட்னு ஒரு குண்டுல ஜாக்கெட்டை நடுவுல தடிமனாக்கி விட்டாங்க. ஆனாலும் ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் உள்ள ஒரே காரீயக் கட்டிதான்.

ஒரு சின்ன கணக்கு போட்டேன். குண்டோட மூக்குல விழற அழுத்தம் தோராயமா அடர்த்தியில பாதியை வேகத்தோட வர்க்கத்தால பெருக்கினா வர்றது. சதையை தண்ணி மாதிரின்னு வெச்சுக்குங்க. 610 மீட்டர் வேகத்துல சுமார் 186 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கிற அலகு). 884 மீட்டர்ல சுமார் 390. வேகம் ஒன்றரை மடங்கு கூட ஏறல, அழுத்தம் ரெண்டு மடங்கு தாண்டிருச்சு. இப்ப காரீயத்தோட தாக்குப்பிடிக்கிற சக்தி என்ன? பத்து இருபது மெகாபாஸ்கலுக்கே வளஞ்சு குடுத்துரும். அப்ப இந்த வேகத்துல காரீயம் உலோகமே இல்ல, மாவு. அதைப் புடிச்சு வெச்சிருக்கிறது ஜாக்கெட் ஒண்ணுதான். அந்த ஜாக்கெட் கிழிஞ்சா உள்ள இருக்கிற மாவு மொத்தமும் வழிஞ்சு போயிடும். தோசைக்கல்லுல மாவு ஊத்தின மாதிரி பரவிடும்னு எங்க பட்டறைப் பையன் ஒருத்தன் சொன்னான், அதுக்கு மேல நான் என்ன சொல்ல.

விரிஞ்சா என்ன, நல்லதுதானேன்னு கேக்கலாம். விரியறதுக்கு ஒரு வெலை இருக்கு. விட்டம் ரெண்டு மடங்கானா முகத்தோட பரப்பு நாலு மடங்கு, அதோட எடையில 40 பர்சன்ட் பிஞ்சு போச்சுன்னா, மிச்ச குண்டுக்கு ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் பின்னாடி தள்ளுற எடை ஆரம்பத்துல இருந்ததுல ஆறுல ஒரு பங்குக்குக் கீழ வந்துடும். ப்ரேக் போட்ட மாதிரி நின்னுரும். விரியவே இல்லன்னா ஊசி மாதிரி பின்னாடி வெளிய போயிடும், ஓட்டை சின்னது, ரத்தம் மெதுவா போகும், மிருகம் வெகுதூரம் ஓடும். சீக்கிரமா விரிஞ்சா மேலோட நின்னுரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஒத்தையடிப் பாதை, அதுல நடக்கத் தெரிஞ்ச குண்டுதான் வேணும்.

இதுல இன்னொரு வேடிக்கை, பக்கத்துல இருந்து சுட்டா நல்லா உள்ள போகும்னு நெனப்போம். உண்மை தலைகீழ். பக்கத்துல வேகம் அதிகம், அழுத்தம் அதிகம், குண்டு சீக்கிரம் ஒடையும். அதே குண்டு 300 மீட்டர்ல வேகம் கொறஞ்சு போய் அழகா விரிஞ்சு ஆழமா போகும். மேக்னம் வாங்கினவன் பக்கத்துல சுட்டு ஏமாறுறதும், பழைய மெதுவான துப்பாக்கிக்காரன் அதே காட்டுல ஒரே குண்டுல வேலையை முடிக்கிறதும் இதனாலதான். தாத்தா துப்பாக்கி நல்லதுன்னு சொல்றதுல பாதி இதுதான், மீதி பாதி தாத்தா பாசம்.

இப்ப சேறு. ஆண் மூஸ் எணை சேர்ற சீசன்ல, செப்டம்பர் கடைசி அக்டோபர்ல, குழி தோண்டி அதுலயே மூத்திரம் பேஞ்சு அந்தச் சேத்துல பொரளும். நம்ம கடமான் கெடாவும் இதே கூத்துதான் பண்ணும், காட்டோர சேத்துக் குட்டையில பொரண்டுட்டு கருப்பா பளபளன்னு வரும். அந்த சேறு நீளமான முடியில ஒட்டி காஞ்சு போனா ஓடு மாதிரி. மண்ணோட அடர்த்தி சதையை விட அதிகம், அழுத்தமும் அதே அளவுக்கு ஏறும், அதுல கல்லுப்பொடி வேற. குண்டு தோலைத் தொடறதுக்கு முன்னாடியே விரிய ஆரம்பிச்சிருக்கும்.

நாஸ்லர் கதையைச் சொல்றவங்க எல்லாரும் சேத்தோட நிறுத்திக்கிறாங்க. எனக்கு அது பத்தல. சேறு தூண்டுதல்தான், காரணம் அது இல்ல. சேறு இல்லாம தோள் எலும்புல நேரா பட்டிருந்தாலும் அந்தக் குண்டு இப்படித்தான் பண்ணியிருக்க வாய்ப்பு அதிகம். மெஷின்ல டூல் ஒடஞ்சா "மெட்டீரியல்ல ஹார்ட் ஸ்பாட் இருந்துச்சு சார்"னு ஆபரேட்டர் சொல்லுவான், இருந்திருக்கும், ஆனா ஒரு ஹார்ட் ஸ்பாட்டுக்கே ஒடையற டூலை எதுக்கு மாட்டினேங்கிறதுதான் கேள்வி. குண்டுல ஒரே அறை, ஒரே காரீயம், முன்னாடி ஆரம்பிச்ச கிழிசல் பின்னாடி வரைக்கும் போறதைத் தடுக்க எதுவுமே இல்ல. அதான் காரணம்.

நாஸ்லர் புடிச்சதும் அதைத்தான். ஒரே குண்டுக்கு ரெண்டு வேலை குடுக்கிறோம், விரியணும், விரியவும் கூடாது, அப்ப குண்டையே ரெண்டாப் பிரிச்சா என்ன? செம்புக் கலவை ராடை எடுத்து, முன்பக்கம் ஒரு துளை, பின்பக்கம் ஒரு துளை, நடுவுல ஒரு சுவரை அப்படியே விட்டுடணும். நெடுக்கா அறுத்துப் பாத்தா இங்கிலீஷ் ஹெச் எழுத்து மாதிரி இருக்கும். ரெண்டு அறையிலயும் காரீயம். முன்னறை விரியட்டும், கிழியட்டும், பிஞ்சு கூட போகட்டும், கிழிசல் சுவருக்கு வந்ததும் நின்னுரும். பின்னறை முழுசா, எடையோட, உள்ள போய்ட்டே இருக்கும். பார்ட்டிஷன் போட்ட வீடு மாதிரி, அண்ணன் பக்கம் சண்டை நடந்தாலும் தம்பி பக்கம் சோறு வேகும். பேரும் பார்ட்டிஷன்தான்.

இதை லேத்துல ஒவ்வொண்ணா கடைஞ்சிருக்காங்க, நெனச்சுப் பாருங்க. எட்டு மில்லிக்கும் கம்மியான ராடு, ரெண்டு பக்கமும் சென்டர் மாறாம துளை, சுவர் தடிமன் எல்லாத்துலயும் ஒரே மாதிரி. ஒரு பக்கத் துளை ஒரு நூல் ஓரமா போனாலும் குண்டு பறக்கறப்ப பம்பரம் மாதிரி தள்ளாடும், குறி தவறும். பல வருஷம் கடைசல்லதான் ஓடுச்சு, அப்புறம் 1970 வாக்குல இம்பாக்ட் எக்ஸ்ட்ரூஷன், அதாவது ஒரே குத்துல செம்பை அச்சுக்குள்ள வழிய விடற முறைக்கு மாறினாங்க, வெலையும் கொறஞ்சுது துல்லியமும் ஏறுச்சு. பழைய கடைசல் குண்டுல நடுவுல சுத்தி ஒரு காடி தெரியும், சுவர் இருக்கிற இடம் கெட்டியா இருக்கிறதால பேரல்ல இறுகாம இருக்க அது.

1947ல திரும்ப பிரிட்டிஷ் கொலம்பியா. நாஸ்லரும் நண்பரும் புதுக் குண்டோட போறாங்க, ஆளுக்கு ஒரு மூஸ், ஆளுக்கு ஒரே குண்டு. 1948ல கம்பெனி ஆரம்பிச்சாச்சு, 1958ல பெண்ட்ங்கிற ஊருக்கு மாத்தினாங்க, இன்னிக்கும் அங்கதான்.

ஒரு நிமிஷம். ரெண்டு மூஸ், ரெண்டு குண்டு, இதை வெச்சு நிரூபணம்னு சொல்ல முடியுமா? எங்க பட்டறையில ரெண்டு பீஸ் ஓகே ஆனா லாட் பாஸ்னு சொன்னா கஸ்டமர் அடிக்க வருவான். குறி நல்லா விழுந்திருக்கலாம், அந்த மூஸுங்க மேல சேறு இல்லாம இருந்திருக்கலாம். பழைய குண்டையே போட்டிருந்தாலும் விழுந்திருக்கலாம். அந்த ரெண்டு மூஸ் வெறும் ஆரம்பம்தான். அதுக்கப்புறம் 70 வருஷத்துக்கு மேல லட்சக்கணக்குல சுட்டும் அதே ஹெச் டிசைன் நிக்குதே, நான் அதை நம்புறேன். இன்னொண்ணு, இந்த ஐடியா உலகத்துலயே மொதல்ல நாஸ்லருக்குத்தான் வந்துச்சுன்னு சொல்லிட முடியாது, ஜெர்மனியில ஆர்டபிள்யூஎஸ் கம்பெனி அதுக்கு முன்னாடியே ஹெச்-மான்டல்னு ஜாக்கெட்டை நடுவுல இறுக்கி ரெண்டு அறை ஆக்கின குண்டை வித்துட்டு இருந்தாங்க. அங்க மடிச்சு இறுக்கினது, இங்க கெட்டியான சுவரு. பாக்க ஒண்ணு, பட்டறையில வேற.

குண்டை எடை போட்டுப் பாக்கிற பழக்கம் ஒண்ணு இருக்கு, மிருகத்துக்குள்ள இருந்து எடுத்த குண்டை தராசுல வெச்சு எத்தனை பர்சன்ட் எடை மிச்சம்னு பாப்பாங்க. பார்ட்டிஷன் சாதாரணமா 60, 70 பர்சன்ட் மிச்சம் வெக்கும். காரீயத்தை ஜாக்கெட்டோட பத்த வெச்ச பாண்டட் குண்டுங்க அதை விட அதிகம் வெக்கும். இந்த நம்பரைப் பாத்து சண்டை போடறவங்க ஒண்ணை மறந்துடறாங்க, கையில கெடைக்கிற குண்டு எல்லாமே உள்ளயே நின்னு போன குண்டு. சரியா வேலை செஞ்சு மறுபக்கம் வெளிய போன குண்டு எங்கயோ மண்ணுக்குள்ள. ஃபெயில் ஆன பார்ட்டை மட்டும் அளந்துட்டு ப்ராசஸைப் பத்திப் பேசற மாதிரி.

சைஸ் பெருசானா எல்லாம் சரியாயிடும்னு இன்னும் நம்பறவங்களுக்கு ரெண்டு விஷயம். ஒண்ணு, டபிள்யூ. டி. எம். பெல்னு ஸ்காட்லாந்துக்காரரு, 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஆப்பிரிக்காவுல ஆயிரம் யானைக்கு மேல கொன்னவரு. கேக்கவே வயிறு பத்துது, அது தனி. அவரு பெரும்பாலும் தூக்கினது 7 மில்லிமீட்டர் ரைஃபிள், 173 கிரெயின், விரியவே விரியாத முழு ஜாக்கெட் குண்டு. யானை மண்டை ஓட்டுல அடி அடியா எலும்பு, விரியற குண்டு அங்க வேஸ்ட்டு, நேரா மூளைக்குப் போற நீளமான கெட்டிக் குண்டுதான் வேலைக்காச்சு. மூஸுக்கு ஆகாதது அங்க ஆச்சு. ரெண்டாவது ஸ்வீடன், வருஷத்துக்குப் பல பத்தாயிரம் மூஸ் சுடற நாடு, அங்க மூஸுக்கு விரியற குண்டுதான்னு சட்டம். அந்தச் சட்டத்துல அழகு என்னன்னா, குண்டு 10 கிராமோ அதுக்கு மேலயோ இருந்தா 100 மீட்டர்ல 2,000 ஜூல் போதும், 9ல இருந்து 10 கிராமுக்குள்ள இருந்தா 2,700 ஜூல் வேணும். எடை கூடினா எனர்ஜி கம்மியா இருந்தாலும் விட்டுடறாங்க. அந்த ஊரு தாத்தாமாரு 6.5 மில்லி ரைஃபிள்ல நீளமான, மெதுவான 10 கிராம் குண்டு போட்டு தலைமுறை தலைமுறையா மூஸ் அடிக்கிறாங்க, நாஸ்லர் கையில இருந்த ராஜ தோட்டாவை விட எவ்வளவோ சாதுவான ஐட்டம்.

இந்த விரியற குண்டுக்கு நம்ம நாட்டோட ஒரு கறை ஒட்டியிருக்கு. கல்கத்தா பக்கத்துல டம் டம் ஆயுதத் தொழிற்சாலையில 1890கள்ல பிரிட்டிஷ்காரன் எல்லைப்புற சண்டைக்குன்னு மூக்குத் திறந்த குண்டு பண்ணான், அதான் டம்டம் குண்டு. 1899 ஹேக் மாநாட்டுல மனுசன் மேல இந்த மாதிரி குண்டு போடக்கூடாதுன்னு பிரகடனம் போட்டாங்க. அதனால இன்னிக்கும் போர்ல விரியாத குண்டு, மிருகத்துக்கு விரியற குண்டு. கேக்க ஒரு மாதிரி இருக்கும், ஆனா மிருகம் சீக்கிரம் சாகணும்கிறதுதான் அங்க கருணை.

கேஸ் இதோட முடிஞ்சிருக்கணும், முடியல. பார்ட்டிஷனோட முன்னறை செதறட்டும்னு விட்டாருல்ல, அந்தச் செதறின காரீயம் எங்க போகும்? கறிக்குள்ள போகும், வேட்டைக்காரன் காட்டுலயே போட்டுட்டுப் போற கொடலுக்குள்ள போகும். எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா குண்டு போன பாதையைச் சுத்தி நட்சத்திரம் தூவின மாதிரி புள்ளி புள்ளியா தெரியும். அந்தக் கொடலைத் தின்ன வர்றது யாரு? கழுகு. கலிஃபோர்னியா காண்டோர்னு ஒரு பிரம்மாண்டமான பிணந்தின்னிப் பறவை, 1987ல காட்டுல இருந்த கடைசிப் பறவையையும் புடிச்சுக் கூண்டுல வெச்சப்ப உலகத்துலயே மொத்தம் 27தான் இருந்துச்சு. இனப்பெருக்கம் பண்ணித் திரும்பக் காட்டுல விட்டாங்க, விட்டதுக்கப்புறம் அதுங்களைக் கொல்றதுல முன்னாடி நிக்கிறது ஈய நஞ்சு. நம்ம ஊரு பாறு கழுகு மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசியால அழிஞ்ச கதை தெரிஞ்சவங்களுக்கு இது புதுசா இருக்காது, பொணத்துக்குள்ள நாம விட்டுட்டுப் போறதுதான் ரெண்டு இடத்துலயும் எமன்.

அதுக்குப் பதில் முழுக்க செம்புலயே குண்டு. பார்ன்ஸ் கம்பெனி 1989ல எக்ஸ் புல்லட்னு கொண்டு வந்தாங்க, காரீயமே கெடையாது, மூக்குல ஒரு குழி, பட்டதும் நாலு இதழா பூ மாதிரி விரியும், எடை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். நாஸ்லர் பிரச்சினைக்கு இது இன்னொரு விடை, பின்னறையைக் காப்பாத்த சுவரு எதுக்கு, ஒடையற பொருளையே எடுத்துட்டா போச்சு. ஆனா செம்பு காரீயத்தை விட லேசு, 11.3க்கு 9 கூட இல்ல, அதே எடைக்குக் குண்டு நீளமாகும். ஆரம்பத்துல பேரல் பூரா செம்பு அப்பிக்குதுன்னு பொலம்பல், பிற்பாடு ஒடம்புல காடி வெட்டித்தான் அதைக் கொறைச்சாங்க. வேகம் கொறஞ்ச தூரத்துல இதழ் விரியாம ஊசி மாதிரி போயிடும்ங்கிற பிரச்சினையும் இருக்கு, அதாவது 1946க்கு நேர் எதிர்ப்பக்கம். அந்த ஒத்தையடிப் பாதைதான், இப்ப இந்தப் பக்கமா வழுக்குது.

கலிஃபோர்னியா 2013ல சட்டம் போட்டு, படிப்படியா கொண்டு வந்து, 2019 ஜூலை 1ல இருந்து மாநிலம் முழுக்க வேட்டைக்குக் காரீயக் குண்டே கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. பார்ட்டிஷன் இன்னிக்கும் கடையில கெடைக்குது, பெண்ட்ல இன்னும் பண்றாங்க, நாஸ்லர் கம்பெனியே காரீயம் இல்லாத குண்டும் விக்குது. ஜான் நாஸ்லர் 2010ல, 97 வயசுல போய்ச் சேந்தாரு, இந்தத் தடையை அவரு பாக்கல. அவரு பொறந்த ஊரு பிராலி. அது கலிஃபோர்னியாவுலதான் இருக்கு, அங்க இப்ப அவரோட குண்டைப் போட்டு ஒரு மானைக் கூட சுட முடியாது.